காவலுக்கு ஒரு கூண்டு வண்டி

விளைந்த நிலக்கடலையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க இரவில் வயலில் தங்கும் விவசாயிகள் பலர், வரப்பிலோ களத்திலோ தரையில் படுத்து விடுகிறார்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் உறங்குவோரையே அது பெரும்பாலும் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் அதிகம் இராததால், பலருக்குக் கடித்ததே தெரிவதில்லை.

கூண்டு வண்டி நமக்குப் புதிதல்ல. மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்து தங்க உதவிய அதே வண்டியைச் சிறிதாகச் செய்து, தோட்டங்காவலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அமைப்பு

தளம் 7 அடி நீளம், 4 அடி அகலம் போதும். பழைய கார் அச்சும் டயர் சக்கரங்களும் ஏற்றவை. தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் இருக்கட்டும். மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கூண்டு கட்டி, பாய் வேய்ந்து, மேலே தார்ப்பாய் போர்த்துங்கள். முன்னும் பின்னும் காற்றோட்டம் அவசியம்.

பாரம் பார்த்தல்

அச்சைத் தளத்தின் நடுவிலிருந்து சுமார் 3 அங்குலம் பின்னே தள்ளி அமையுங்கள். சாமான்களை ஏற்றி, போலை நுகத்தடி உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். கை லேசாக அழுந்த வேண்டும். பின்பாரமானால் போல் மேலெழும்பி மாட்டின் கழுத்தைக் கயிறு இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் கழுத்தில் புண் வரும்.

நிறுத்தும்போது

மாட்டை அவிழ்க்குமுன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். முன்னால் மட்டுமின்றிப் பின்னாலும் முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிடில், பின்பக்கமாக ஆள் ஏறியதும் வண்டி குடை சாயும்.

கவனம்

கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிக்கொண்டு படுங்கள். குளிருக்காகக் கூண்டுக்குள் கரி நெருப்பு வைக்கக்கூடாது. அதன் நச்சுக்காற்று உறக்கத்திலேயே உயிரைப் போக்கிவிடும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. ஆகவே டிராக்டரில் கோத்துச் சாலையில் இழுப்பதானால் பதிவு தேவை. வண்டி ஓடும்போது உள்ளே ஆள் இருக்கலாகாது.

காவலுக்குச் சென்றவர் விடியலில் வயிற்று வலியோடு எழுந்தாலோ, இமைகள் தாமாகச் சரிந்தாலோ, கடிவாயைத் தேடிக் காலங்கடத்தாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். விளைச்சலைவிட உயிர் பெரிது.