கோபுரங்கள் பின்தொடர்ந்த விதை

பனாமா கால்வாய்க்காக சாக்ரஸ் ஆற்றை அணை கட்டித் தேக்கியபோது காடு மூடிய பள்ளத்தாக்கு ஏரியானது. மூழ்காமல் நின்ற குன்றின் தலைதான் பாரோ கொலராடோ தீவு. ஏறத்தாழ 15 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அங்கே 1923 முதல் உயிரியலாளர்கள் ஆய்வு செய்கிறார்கள். இருந்தும், ஒரு விலங்கு இரவில் எங்கே போகிறது என்று கண்டறிவது நெடுங்காலம் பெரும்பாடாகவே இருந்தது.

மழைக்காட்டில் கண் சில மீட்டருக்கு மேல் எட்டாது. கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டினாலும், ஆன்டெனாவும் கையுமாக ஓர் ஆள் பின்னால் அலைய வேண்டும். ஈர இலைகளும் அடிமரங்களும் அலைகளை விழுங்கிவிடும்.

இதற்குத் தீர்வாக, உயிரியலாளர்களான மார்ட்டின் விகெல்ஸ்கி, ரோலண்ட் கேஸ் ஆகியோரின் குழு, மரமுகடுகளுக்கும் மேலே உயர்ந்த ஏழு கோபுரங்களை எழுப்பியது. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஆறு திசை நோக்கி ஆறு ஆன்டெனாக்கள். எதில் சமிக்ஞை வலுவாக விழுகிறதோ, அதை வைத்துத் திசை தெரியும். இரண்டு மூன்று கோபுரங்களின் திசைக்கோடுகள் வெட்டும் இடத்தில் விலங்கு இருக்கும். கணக்கு கம்பியில்லா இணைப்பில் உடனுக்குடன் ஆய்வகத்துக்கு வந்துவிடும். அசையும் விலங்கின் சமிக்ஞை ஏறி இறங்கும். அது அடியோடு சீரானால் விலங்கு உறங்குகிறது, அல்லது இறந்துவிட்டது. 2003 முதல் 2010 வரை 374 உயிர்களை இப்படிக் கண்காணித்தார்கள்.

ஆனால் இந்த வலையமைப்பின் உண்மையான அருமை விதைகளில்தான் வெளிப்பட்டது. முயலளவு கொறித்துண்ணியான அகூட்டி, கருப்புப் பனையின் விதைகளை மண்ணில் புதைத்து வைக்கும். ஆய்வாளர்கள் விதைகளில் நூலால் சிறு டிரான்ஸ்மிட்டரைக் கட்டினார்கள். அருகில் காந்தம் இருக்கும்வரை அது மௌனம் காக்கும். விதையை அகூட்டி இழுத்துப்போனதும் காந்தம் விலகி, ஒலிபரப்பு தொடங்கும். புதைத்த இடந்தோறும் கேமராவும் வைத்தார்கள்.

ஓர் அகூட்டி புதைத்ததை இன்னொன்று தோண்டித் திருடி வேறிடத்தில் புதைத்தது. அதையும் மற்றொன்று திருடியது. ஒரே விதை 36 முறை இடம் மாறி, மொத்தம் 749 மீட்டர் பயணித்து, தொடங்கிய இடத்திலிருந்து 280 மீட்டர் தள்ளிச் சேர்ந்தது!

இத்தகைய பெரிய விதைகளை முன்பு தின்று பரப்பியவை, யானையின் உறவினங்களான கோம்போதீர்கள் என்று கருதப்படுகிறது. அவை அழிந்து பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகியும் இந்தப் பனை எப்படிப் பிழைத்தது என்ற கேள்விக்கு, 2012-இல் வெளிவந்த இந்த ஆய்வு அகூட்டித் திருடர்களையே காட்டியது.