உங்கள் நாற்றுப்பண்ணை மேப்பில் தெரிகிறதா?

தக்காளி நாற்றுக்கு வயது உண்டு. குழித்தட்டில் விதைத்த 25 நாளில் நடவுக்குத் தயாராகிவிடும். ஒரு மாதத்தைத் தாண்டினால் தண்டு நீண்டு மெலியும், வேர் குழிக்குள்ளேயே சுருளும். பிறகு ஆள் வந்து கேட்டாலும் நல்ல விலை கிடைக்காது. ஆக, நாற்றுப்பண்ணை நடத்துபவருக்கு ஒவ்வொரு விதைப்புக்கும் விற்பனை அவகாசம் ஏறக்குறைய ஒரு வாரம்தான். அந்த ஒரு வாரத்தில் நாற்று தேடும் விவசாயியின் கண்ணில் உங்கள் பண்ணை பட வேண்டும்.

முன்பெல்லாம் உரக்கடையில் விசாரிப்பார்கள். இப்போதும் விசாரிக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே பலர் கைப்பேசியில் 'தக்காளி நாற்று' என்று தட்டியோ, வாயால் சொல்லியோ தேடிவிடுகிறார்கள். கூகுள் மேப்ஸ் முதலில் காட்டும் இரண்டு, மூன்று பெயர்களுக்குத்தான் போன் போகிறது. 4 அடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 7,260 நாற்று வேண்டும். 98 குழி தட்டில் இது சுமார் 74 தட்டு. ஒரு அழைப்பு தவறினால் உங்களுக்குத் தவறுவது இவ்வளவு.

அந்த வரிசையில் மேலே வர என்ன செய்யலாம் என்பதை நாற்றுப்பண்ணையை வைத்தே பார்ப்போம். மரச்செக்கு, நாட்டுக்கோழிப் பண்ணை, தோட்டத்து வாசலில் பழம் விற்பவர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கடை என எல்லாருக்கும் இதே முறைதான்.

வரிசை எப்படி அமைகிறது?

மூன்று விஷயங்களைப் பார்த்து வரிசைப்படுத்துவதாக கூகுள் சொல்கிறது. ஒன்று, பொருத்தம்: தேடியவர் கேட்ட பொருளும் நீங்கள் விற்பதும் ஒன்றுதானா? இரண்டு, தூரம்: தேடுபவர் இருக்கும் இடத்திலிருந்து பண்ணை எவ்வளவு தொலைவு? மூன்று, அறிமுகம்: உங்கள் பண்ணை எவ்வளவு பேருக்குத் தெரிந்தது, எத்தனை பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள், மற்ற இணையதளங்களில் உங்களைப் பற்றிய குறிப்பு உண்டா?

தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன.

ஒட்டன்சத்திரம் பக்கம் உங்கள் பண்ணை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பண்ணையில் நின்றுகொண்டு தேடினால் உங்கள் பெயர்தான் முதலில் வரும். பழநியில் இருப்பவர் தேடும்போது வரிசை வேறு மாதிரி இருக்கும். எனவே சொந்தக் கைப்பேசியில், சொந்த இடத்தில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வாடிக்கையாளர் இருக்கும் நாலைந்து ஊர்களில் தெரிந்தவர்களைத் தேடச் சொல்லி, எத்தனையாவதாக வருகிறீர்கள் என்று கேளுங்கள். அதுதான் உண்மை நிலவரம்.

உரிமை உங்கள் பெயரில் இருக்கட்டும்

மேப்பில் கடையைப் பதிவு செய்யும் சேவைக்கு 'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்' என்று பெயர். 2021 வரை 'கூகுள் மை பிசினஸ்' என்று அழைக்கப்பட்டது. இதற்குக் கட்டணம் கிடையாது.

பதிவு செய்யும் முன் உங்கள் பண்ணையின் பெயரை மேப்பில் தேடிப் பாருங்கள். யாரோ ஒரு வாடிக்கையாளர் ஏற்கெனவே சேர்த்திருக்கலாம். அப்படி இருந்தால் புதிதாக இன்னொன்று தொடங்காமல், அதையே உரிமை கோரிப் பெறுங்கள். ஒரே பண்ணைக்கு இரண்டு பதிவு இருந்தால் கருத்துகளும் இரண்டாகப் பிரியும்.

பதிவை உங்கள் சொந்த மின்னஞ்சலில் செய்யுங்கள். பிரவுசிங் சென்டர்காரரின் மின்னஞ்சலிலோ, விளம்பரம் பிடிக்க வந்தவரின் மின்னஞ்சலிலோ தொடங்கினால் அவர்தான் உரிமையாளர் ஆகிவிடுவார். போன் எண்ணை மாற்றக்கூட அவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். வேறொருவர் உதவ வேண்டுமானால் அவரை 'மேலாளர்' என்று சேர்க்கும் வசதி இருக்கிறது. கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியதில்லை.

பண்ணை உங்களுடையதுதான் என்று கூகுள் சரிபார்க்கும். இப்போது பல பண்ணைகளுக்கு வீடியோ கேட்கிறார்கள். சாலையிலிருந்து பண்ணைக்கு வரும் வழி, பெயர்ப் பலகை, நிழல்வலைக் கூடம், தட்டுகள், அலுவலக மேசை, உரிமச் சான்று ஆகியவற்றை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். நாற்று விற்க விதை விற்பனை உரிமம் கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சான்று இங்கேயும் கை கொடுக்கும். எண்ணெய், தேன் போன்ற உணவுப் பொருள் விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று இருக்கும்.

பெயர், வகை, இடம்

பெயர்ப் பலகையிலும் ரசீதிலும் உள்ள பெயரையே எழுதுங்கள். 'முருகன் நர்சரி' என்பது பெயர் என்றால் அதுவே போதும். 'முருகன் நர்சரி தக்காளி மிளகாய் கத்தரி நாற்று குறைந்த விலை ஒட்டன்சத்திரம்' என்று நீட்டுவது விதிமீறல். போட்டியாளர் ஒருவர் புகார் செய்தால் பெயர் திருத்தப்படும், சில சமயம் பதிவே முடக்கப்படும். நாற்று முற்றும் வாரத்தில் பதிவு முடங்கினால் யாரிடம் போய் முறையிடுவது?

பொருத்தத்தைக் காட்ட வேண்டிய முதல் இடம் 'வகை' என்ற பகுதி. ஒரு முதன்மை வகையும், ஒன்பது வரை துணை வகைகளும் கொடுக்கலாம். நாற்றுப்பண்ணைக்குச் செடி நர்சரி என்று பொருள்படும் வகையை முதன்மையாக வையுங்கள். 'நர்சரி' என்று தட்டியதும் வரும் பட்டியலில் குழந்தைகள் படிக்கும் நர்சரி பள்ளியும் இருக்கும். அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டால் நாற்று தேடுபவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். நீங்கள் உண்மையில் செய்யாத தொழிலைத் துணை வகையில் சேர்க்காதீர்கள்.

கிராமத்தில் கதவு எண் இருக்காது. அதனால் குறியை விரலால் நகர்த்தி, பண்ணை நுழைவாயிலின் மேல் சரியாக வையுங்கள். நிலத்தின் நடுவில் வைத்தால் மேப் அடுத்த தோட்டத்து வரப்பு வழியே வண்டியைக் கூட்டிப்போகும். மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் 'பிளஸ் கோடு' என்ற சிறு குறியீடு கிடைக்கும். முகவரி இல்லாத இடத்துக்கும் இது உண்டு. அதை ரசீதில் அச்சிட்டு வைத்தால் லோடு வண்டிக்காரருக்கு வழி சொல்லும் வேலை மிச்சம்.

'டவுன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குறியை வைத்தால் நிறையப் பேருக்குத் தெரியுமே' என்று சிலர் நினைக்கிறார்கள். வாடிக்கையாளர் அங்கே போய் நின்று, கடையைக் காணாமல் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார். கடை இல்லாத இடத்தில் குறி வைப்பதும் விதிமீறலே.

நேரமும் படமும்

வேலை நேரம் சரியாக இருக்க வேண்டும். காலை 6 மணிக்கே நாற்று எடுத்துக் கொடுக்கிறீர்கள், மேப்பில் 9 மணி என்று இருக்கிறது என்றால், விடியற்காலையில் தேடுபவருக்கு 'மூடப்பட்டுள்ளது' என்றுதான் தெரியும். அவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பொங்கல், ஊர்த் திருவிழா நாட்களுக்குச் சிறப்பு நேரம் குறிக்கலாம். சீசன் இல்லாத மாதங்களில் 'தற்காலிகமாக மூடப்பட்டது' என்று வைத்துவிட்டு, தொடங்கும்போது மறக்காமல் திறந்து வையுங்கள்.

பண்ணையைப் பற்றி 750 எழுத்துகள் வரை எழுத இடம் தருகிறார்கள். எந்தெந்தப் பயிர் நாற்று, குறைந்தது எத்தனை தட்டு, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், வண்டி வசதி உண்டா என்று எழுதுங்கள். பொருட்கள் பகுதியில் தக்காளி, மிளகாய், கத்தரி, காலிஃபிளவர் என்று தனித்தனியாகச் சேருங்கள். விவசாயி தேடும் சொல்லிலேயே, தமிழில் எழுதுங்கள்.

இணையத்தில் எடுத்த அழகான படம் வேண்டாம். சாலையிலிருந்து தெரியும் பெயர்ப் பலகை, நுழைவாயில், இன்றைக்குத் தட்டில் இருக்கும் நாற்று, தட்டிலிருந்து எடுத்து வேர்ப்பகுதி தெரியக் காட்டும் ஒரு நாற்று, இவை போதும். வெள்ளை வேர் நிறைந்த நாற்றைப் பார்த்தால் விவசாயிக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு விதைப்புக்கும் புதுப் படம் போடுங்கள்.

கருத்தும் நட்சத்திரமும்

அறிமுகத்தை வளர்ப்பது வாடிக்கையாளர் எழுதும் கருத்து. நாற்று வாங்கியவரிடம் கேட்கலாம், தவறில்லை. உங்கள் பதிவிலேயே கருத்து கேட்பதற்கான இணைப்பும் கியூ.ஆர். கோடும் கிடைக்கும். ஆனால் நாற்றை வண்டியில் ஏற்றும்போதே கேட்பதில் பயன் இல்லை. நட்டு 10, 15 நாள் கழித்து, செடி பிடித்த பிறகு ஒரு போன் போடுங்கள். 'நாற்று எப்படிப் பிடிச்சிருக்குங்க?' என்று விசாரியுங்கள். நல்லபடியாக இருக்கிறதோ இல்லையோ, இணைப்பை எல்லாருக்கும் அனுப்புங்கள். திருப்தியானவர்களிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதையும், கருத்து எழுதினால் தட்டுக்கு இவ்வளவு தள்ளுபடி என்பதையும் கூகுள் விதி தடுக்கிறது. காசுக்கு வாங்கும் பொய்க் கருத்துகள் நீக்கப்படும். இணையக் கருத்துகள் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தர நெறியை வெளியிட்டுள்ளது.

மோசமான கருத்து வந்தால் கோபப்பட வேண்டாம். அதற்கு நீங்கள் எழுதும் பதிலை அடுத்து வரும் நூறு பேர் படிக்கப் போகிறார்கள். 'வாங்கின நாற்றில் பாதி செத்துப்போச்சு' என்று ஒருவர் எழுதினால் இப்படிப் பதில் சொல்லலாம்:

'ஐயா, உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறோம். ரசீது எண்ணைச் சொன்னால் எந்தத் தேதி விதைப்பு, எந்த விதைக் குவியல் என்று எங்கள் பதிவேட்டில் பார்த்துவிடுவோம். செடியின் படமும் அனுப்புங்கள். நாற்றழுகல் எங்கள் பக்கத்திலிருந்து வந்திருந்தால் மாற்று நாற்று தருகிறோம்.'

இப்படி எழுத வேண்டுமானால் பதிவேடு உண்மையிலேயே இருக்க வேண்டும். விதைத்த தேதி, ரகம், விதைக் குவியல் எண், வாங்கியவர் ஊர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நாற்றைக் கடினப்படுத்தாமல் வெயிலில் அனுப்பிவிட்டு, மேப்பில் மட்டும் முதலிடம் பிடித்தால் என்ன ஆகும்? அதிகம் பேர் வருவார்கள், அதிகம் பேர் குறை எழுதுவார்கள். மேப் உங்களை ஒருமுறைதான் அறிமுகப்படுத்தும். அடுத்த முறை பேசுவது நாற்றுதான்.

ஏமாறாதீர்கள்

'கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டினால் உங்கள் கடையை முதலிடத்தில் வைப்போம்' என்று அழைப்பு வரும். மேப் வரிசையில் மேலே வர கூகுளுக்குப் பணம் கட்டும் வழியே கிடையாது. விளம்பரம் என்பது வேறு, அது விளம்பரம் என்ற அடையாளத்துடன்தான் வரும். சரிபார்ப்புக்கு வரும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் பதிவே கைமாறிவிடும்.

மேப்பில் யார் வேண்டுமானாலும் 'திருத்தம்' பரிந்துரைக்கலாம். 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்றுகூட யாராவது குறித்துவிடலாம். வாரம் ஒருமுறை உங்கள் பதிவைத் திறந்து பாருங்கள். எந்தச் சொல்லைத் தேடி உங்களைப் பார்த்தார்கள், எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்ற கணக்கும் அங்கேயே கிடைக்கும்.

விரிவாக்கப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகாமில் பதிவு செய்து கொடுக்கும்போது விவசாயியின் மின்னஞ்சலில் மட்டும் செய்யுங்கள், உங்களுடையதில் வேண்டாம். நாளை உங்களுக்கு மாறுதல் வரும், பண்ணை அங்கேயேதான் இருக்கும். பண்ணையாளர் வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் கூட உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

எப்போது தொடங்குவது?

தட்டில் விதை போடும் நாளே சரியான நாள். அன்றே பதிவைத் தொடங்கி, வீடியோ எடுத்து அனுப்புங்கள். சரிபார்ப்புக்குச் சில நாட்கள் ஆகும். முளைப்பு வந்ததும் வகை, நேரம், குறியின் இடம் மூன்றையும் சரிபாருங்கள். 15ஆம் நாள் நாற்றின் படத்தையும், எந்தத் தேதியில் தயாராகும் என்பதையும் போடுங்கள். 20ஆம் நாள் வெளியூர் நண்பரைத் தேடச் சொல்லுங்கள். 25ஆம் நாள் போன் வந்தால் உடனே எடுங்கள். நாற்று கொடுத்து 10 நாள் கழித்து, வாங்கியவருக்கு நீங்கள் போன் செய்யுங்கள். ஆடிப்பட்டத்துக்கு ஒருமுறை இதைச் செய்து பழகிவிட்டால், அடுத்த பட்டத்துக்குப் படத்தையும் தேதியையும் மாற்றும் வேலை மட்டுமே மிஞ்சும்.