கோர்ட்டுத் தபாலை வாங்க மறுக்காதீர்!
வலை, ஐஸ், மளிகைச் சரக்குகளைக் கடனுக்கு வாங்கி விற்கும் சுண்ணாம்புக்குளம் வட்டார வணிகர்கள் கவனிக்கவும். பாக்கி வழக்கில் சம்மனை அமீனாதான் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. 1-7-2002 முதல் அமலிலுள்ள உரிமையியல் நடைமுறைச் சட்டத் திருத்தப்படி, ஸ்பீடு போஸ்ட் மூலமும் அனுப்பலாம்.

"வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதித் திருப்பினால், சம்மன் சார்வானதாகவே நீதிமன்றம் அறிவிக்கும். அதன்பின் ஆஜராகாதவர் மீது எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகலாம். அதை ரத்துசெய்யக் கோர 30 நாட்களே கெடு.

ஆகவே கையெழுத்திட்டு வாங்குங்கள்; பெற்ற தேதியைக் குறித்துவையுங்கள். 30 நாட்களுக்குள் வக்கீல் மூலம் எதிர்வழக்குரை தாக்கல் செய்யுங்கள்.

வழக்குத் தொடுக்கும் மொத்த வியாபாரிகளும் கடன்தாரரின் கதவு எண், தெரு, பின்கோடு ஆகியவற்றைப் பில் போடும்போதே சரியாக எழுதி வாங்குவது நலம். முகவரி தவறினால் சம்மன் சேராது, வழக்கும் நகராது.