மொய்க் கணக்கா, அறிவுக் கணக்கா?

"எத்தனை கட்டுரை? எத்தனை மேற்கோள்? எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?" – இன்று ஒரு பேராசிரியரை எடைபோட உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை, தம்பி! என்ன கண்டாய், யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்வி வரிசையிலே கடைசி. பல வேளைகளில் வரிசையிலேயே இல்லை!

மேற்கோள் என்பது என்ன? ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துக்காட்டி, "இன்னார் சொன்னார்" என்று அடிக்குறிப்புப் போடுவது. இதை எண்ணலாம் என்ற யோசனையை 1955-இல் அமெரிக்கர் யூஜின் கார்ஃபீல்டு வெளியிட்டார். 1964-இல் அட்டவணையாகவே அச்சிட்டார். அவர் எண்ணியது ஆய்வாளன் நூல் தேடுவதற்கு ஒரு வழிகாட்டியை. அது சம்பள உயர்வுக்குத் தராசாக மாறியது பிற்பாடு! 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலார் எச்-இன்டெக்ஸைத் தந்தார். இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் இருபது முறையாவது எடுத்தாளப்பட்டிருந்தால் மதிப்பு இருபது. ஐந்தே கட்டுரை எழுதி உலகையே புரட்டிப் போட்டவனுக்கு? ஐந்துக்கு மேல் ஒருநாளும் ஏறாது!

ஆத்தூர் வட்டாரத்துக் காந்திகிராமம், 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் ஊன்றிய வித்து. 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. நாம் சொல்ல வந்தது வேறொரு இராமச்சந்திரனைப் பற்றி. பெயர் ஜி. என். இராமச்சந்திரன். சர். சி. வி. இராமனின் மாணவர். 1952-இல், முப்பதை எட்டும் வயதிலே, துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அழைப்பில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியரானார். அவ்வாண்டு சென்னை வந்த அறிஞர் பெர்னல், தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தின் கட்டமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று சொல்லிச் சென்றார். பெரிய கருவிகள் ஏது? அருகிலே தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கங்காருவின் வால் தசைநாண் வந்து சேர்ந்தது. 1954-இல், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது அது என்று 'நேச்சர்' இதழிலே அறிவித்தார்.

கேம்பிரிட்ஜிலிருந்து கணை பாய்ந்தது! கிரிக், ரிச் இருவரும், "உங்கள் அமைப்பிலே சில அணுக்கள் அளவு மீறி நெருங்கி நிற்கின்றன" என்றனர். சினந்தெழவில்லை சென்னை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று, அறியப்பட்ட படிகங்களையெல்லாம் எடுத்துவைத்து அளக்கத் தொடங்கினார் இராமச்சந்திரன். அதன் விளைவே 1963-இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை. ஆம், ஐந்தே பக்கம்! 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகம் அதற்குப் பெயர் சூட்டிற்று. இன்றும் ஒரு புரதத்தின் வடிவம் கண்டோம் என்று எவர் வந்தாலும், அந்த வரைபடத்திலே வைத்துப் பார்த்துத்தான் உலகப் புரதக் களஞ்சியம் சரி பிழை சொல்கிறது.

கண்டவர் இயற்பியலார், களம் வேதியியல், பயன் கொண்டது உயிரியல். அத்தோடு நின்றாரா? 1971-இல் லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து உட்புறப் படத்தைத் திரும்பக் கட்டும் கணக்கு வழி ஒன்றைத் தந்தார். ஸ்கேன் கருவிக்கு அடிப்படையான முறைகளில் அதுவும் ஒன்றாயிற்று. திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் நோயாளி எந்த அடிக்குறிப்பில் இராமச்சந்திரன் பெயரைப் போடுவார்?

இன்னொரு வேடிக்கை கேள், தம்பி. ஒரு கண்டுபிடிப்பு மிகப் பெரிதாகிவிட்டால், அதற்கு மேற்கோள் போடுவதையே விட்டுவிடுகிறார்கள்! 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று எழுதிவிட்டு, மூலக் கட்டுரையைக் குறிக்காமல் போகிறவர் எண்ணற்றோர். புகழ் பெருகப் பெருகக் கணக்குக் குறைகிறது. விந்தையான தராசு!

இந்தத் தராசை ஏமாற்றவும் கற்றுக்கொண்டார்கள். கல்யாண வீட்டு மொய்போல, இன்று நான் உன்னை மேற்கோள் காட்டுகிறேன், நாளை நீ என்னைக் காட்டு! பணம் கட்டினால் அச்சிட்டுத் தரும் இதழ்கள் வேறு. 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு நம்பத்தக்க இதழ்களுக்குப் பட்டியல் போட்டது. 2025-இல் பட்டியலையே கைவிட்டது. நோய் போயிற்றா? நோட்டுப்புத்தகம்தான் போயிற்று.

மருத்துவத்திலே மேற்கோள் மழையாய்ப் பொழியும். கணிதத்திலே தூறலாய்த்தான் விழும். இரண்டையும் ஒரே படியால் அளப்பது என்ன நியாயம்? தமிழிலே எழுதுகிறவன் நிலையோ இன்னும் மோசம். கல்வெட்டு படித்து, ஓலைச்சுவடி ஒப்பிட்டு, பத்தாண்டு உழைத்து ஒரு நூல் எழுதினாலும், ஆங்கில இதழ்களை நம்பிய அந்தக் கணினிப் பட்டியலிலே பெரும்பாலும் அவனுக்குச் சுழியம்! சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சாயநீரை ஆராய்ந்து நெசவாளிக்கு விளங்கும் தமிழில் ஒருவன் எழுதினால், அவனுக்கும் அதே சுழியம்தான்.

2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களே, இதழின் மதிப்பெண்ணை வைத்து ஆளை அளக்காதீர்கள் என்று அறிக்கை விட்டிருக்கிறார்கள். நாம் கேட்பது அதைவிடச் சிறிது. பதவி கேட்டு வருகிறவரிடம் ஐந்தே ஐந்து கட்டுரைகளை வாங்கி, தேர்வுக் குழுவினர் உட்கார்ந்து படிக்கட்டும். படிக்க நேரமில்லை என்கிறார்களா? நேரமில்லாதவர்களுக்குத் தேர்வுக் குழுவிலே என்ன வேலை?