கூதிர் காலத்தில் வீடு தேடி வரும் பாம்புகள்

குளிர்காலத்தில் காட்டு உயிர்கள் வீட்டிற்குள் புகுவதைப் பற்றி மேனாட்டார் நிறைய எழுதியுள்ளனர். அங்கே பனி உறைகிறது, இரை அருகுகிறது. சுண்டெலியும் அணிலும் வெப்பத்தை நாடிச் சுவரிடுக்குகளில் நுழைகின்றன. நம் நிலை வேறு. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றும், மார்கழியும் தையும் முன்பனி என்றும் நம் முன்னோர் பகுத்தனர். இப்பருவங்களில் வட தமிழகத்தின் சமவெளியில் உயிர்களை வளையிலிருந்து வெளியேற்றுவது பெரும்பாலும் குளிரன்று. வடகிழக்குப் பருவமழையின் நீரே.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள நிலப்பகுதியை எடுத்துக்கொள்வோம். ஆதிசேடனின் அவதாரமென்று வைணவர்கள் போற்றும் இராமாநுசர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர் என்பது இங்கே நினைவிற்கு வருகிறது. செம்பரம்பாக்கம் பேரேரி முதலாகச் சிற்றேரிகள் பல அடுத்தடுத்து அமைந்த நாடு இது. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் எலி வளை தோண்டும். எலியைத் தேடிப் பாம்பு வரும். அவ்வளையையே தனக்கு இருப்பிடமாகவும் கொள்ளும். 1990களின் பிற்பகுதியிலிருந்து இந்நிலத்தில் தொழிற்சாலைகள் பெருகின. வயலும் முட்புதரும் குறைந்தன. தொழிலாளர் தங்கும் வாடகை அறைகள் ஏரிப்புறம் வரையில் எழுந்தன. மழை பெய்து வளைகளில் நீர் நிரம்பும்போது, பாம்பிற்கு எட்டும் மேட்டு நிலம் இன்று பல இடங்களில் வீட்டு வாசற்படியாகவே இருக்கிறது.

ஆனால் மேடு தேடி வந்த பாம்பு அங்கே தங்குவதற்குக் காரணம் நாமே. வாசலில் இரவெல்லாம் விளக்கு எரிகிறது. விளக்கைத் தேடி ஈசல் வருகிறது. ஈசலைத் தின்னத் தவளையும் பல்லியும் வருகின்றன. மிச்சச் சோற்றைக் கொல்லையில் கொட்டினால் எலியும் பெருச்சாளியும் வருகின்றன. இவ்வளவு பெரிய பந்தியை விரித்து வைத்துவிட்டு, பூண்டுச் சாற்றையும் பினாயிலையும் தெளித்துப் பாம்பை விலக்கலாம் என்று நம்புவதில் பயனில்லை. இத்தகைய வாடைகளைக் கொண்டு பாம்பை விலக்கிவிட முடியாது. கார்பாலிக் அமிலமோ நம் தோலையே வெந்துபோகச் செய்யும்.

செய்யத்தக்கவை எளியவை. ஒரு பென்சிலின் பருமனுள்ள துளை சுண்டெலிக்குப் போதும். ஆகவே குழாய்கள் சுவரில் நுழையுமிடங்களைச் சிமெண்டால் அடைக்க வேண்டும். சாக்கடை வாயில் கம்பி வலை வேண்டும். கதவின் அடியிலுள்ள இடைவெளியை ரப்பர்ப் பட்டையால் மூடலாம். செங்கல், விறகு, பழைய ஓடு ஆகியவற்றைச் சுவரை ஒட்டி அடுக்கலாகாது. வெளியில் கழற்றி வைத்த காலணியை உதறிய பின்னரே அணிய வேண்டும். இரவில் வெளியே செல்வோர்க்குக் கைவிளக்குத் துணை.

இவை அனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. நம் நாட்டில் மிகுதியான உயிர்களைக் கொல்பவை நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் என்னும் நான்கு. இவற்றுள் இரவில் வீட்டிற்குள் வந்து, உறங்குவோரைக் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியனே. பகலில் மந்தமாகச் சுருண்டு கிடக்கும் இப்பாம்பு, இருட்டியபின் சுறுசுறுப்படையும். அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, வீங்குவதுமில்லை, பற்குறி கண்ணுக்குப் புலப்படாமலும் போகலாம். கடியுண்டவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுவார். உண்டது செரிக்கவில்லையென்று வீட்டார் எண்ணுவர். அதற்குள் இமைகள் தளர்ந்து விழும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சுவிடும் தசைகளே செயலற்றுப்போகும். இந்நஞ்சு நரம்பு முனைகளைத் தாக்கிச் சிதைத்தபின் மாற்று மருந்தாலும் அச்சிதைவை உடனே சரிசெய்ய இயலாது; நரம்பு மீளும்வரை செயற்கைச் சுவாசம் ஒன்றே உயிரைத் தாங்கும். இரவு முறை வேலை முடித்து, நெருக்கமான அறையில் பாய் விரித்து உறங்கும் இளைஞர்களை எண்ணும்போது, இப்பாம்பைப் பற்றித்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

இதற்குத் தடுப்பு மிக மலிவானது: கட்டில், அல்லது விளிம்புகளைப் பாயின் அடியில் நன்கு செருகிய கொசுவலை. கொசுவலைக்குள் உறங்குவோர்க்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைகிறது என்பதைத் தென்கிழக்கு நேபாளத்தில் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று மற்றோர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. ஒரு கொசுவலையின் விலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாம்பை அடித்துக் கொல்வது தீர்வாகுமா? இப்பகுதியை நன்கறிந்த இருளர் மக்களைக் கேட்டால் விடை கிடைக்கும். ஒருகாலத்தில் அவர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தனர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை முடித்துவைத்தன. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அவர்கள் பாம்புகளைச் சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் வெளியில் விடுகின்றனர். அந்நஞ்சைச் சிற்றளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தே மாற்று மருந்து செய்கிறார்கள். இருளரான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, இவ்வறிவிற்கு நாடு காலந்தாழ்த்தியேனும் மதிப்பளித்தது. தம் உயிரைக் காக்கும் மருந்து எந்த உயிரிலிருந்து வருகிறதோ, அதையே தடிகொண்டு தேடுவோர் இதை அறிதல் நன்று. மேலும், நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியனென்று மயங்கிக் கொல்வது அன்றாட நிகழ்ச்சி. தடியோடு நெருங்குபவரே கடிபடுவதும் உண்டு.

அறையில் பாம்பைக் கண்டால் எல்லோரும் வெளியேறிக் கதவை மூடி, அடியில் துணியைச் செருகிவிட்டுத் தீயணைப்பு நிலையத்திற்குச் சொல்லியனுப்ப வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப்போடுதல், கீறுதல், உறிஞ்சுதல் மூன்றும் ஆகா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 ஊர்தியில் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விடியலில் காரணமறியாத வயிற்றுவலியும் இமைத்தளர்ச்சியும் கண்டால், பற்குறி இல்லாவிடினும், முந்தைய இரவு தரையில் படுத்திருந்த செய்தியை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.