பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுங்கள்



தூங்க மறுத்து அடம்பிடிக்கும் பிள்ளையை அடக்க நாம் என்ன சொல்கிறோம்? "இருட்டுக்குள்ளே பூச்சாண்டி நிற்கிறான்!" என்கிறோம். பிள்ளையும் அந்த நேரத்துக்கு அடங்கிவிடுகிறது. பத்து வயதாகியும் அது தனியே முற்றத்தில் இறங்க அஞ்சும்போது, "ஏன் இப்படிப் பயப்படுகிறாய்?" என்று அதட்டுவதும் நாம்தான்!

அந்தப் பயத்துக்கு மருந்து வாசலிலேயே இருக்கிறது. வத்தேகம, பன்வில வழியாக மலையேறி வரும் மடுல்கெல்லயையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைத்தெரு விளக்குகளைத் தாண்டினால் தேயிலைத் தோட்டமும் நல்ல இருட்டும்தான். கிழக்கே நக்கிள்ஸ் மலை. மழையும் மூடுபனியும் மிகுந்த ஊர் என்றாலும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். நம் நாட்டில் ஏழு மணிக்கே இருட்டிவிடுவதால், பிள்ளை உறங்கும் நேரம் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

பிறையிலிருந்து தொடங்குங்கள். மாதந்தோறும் பிறை 29 அன்று மாலை, கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடுவோர் நாடெங்குமிருந்து வரும் தகவல்களைக் கேட்டு முடிவு சொல்கிறார்கள். வானொலிக்குக் காது கொடுக்கும் நாம், பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே இறங்குகிறோமா? மஃரிபுக்குப் பின் மேற்குத் திசையைக் காட்டுங்கள். அன்று தென்படாவிட்டால் மறுநாள் சற்று உயரத்தில் தெரியும். பிறை கண்டதும் ஓதும் துஆவை அங்கேயே சொல்லிக் கொடுங்கள்.

அடுத்து, நிலவில்லாத ஓர் இரவில் பாய் விரித்துப் படுக்க வையுங்கள். குளிருக்குத் தொப்பியும் போர்வையும் அவசியம். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். கைபேசியை உள்ளேயே வைத்துவிடுங்கள். டோர்ச் லைட் வேண்டுமானால் அதன் முகத்தைச் சிவப்புத் தாளால் மூடுங்கள்.

பெப்ரவரி நடுவில் இரவு ஏழரை மணியளவில், ஏறக்குறைய உச்சியில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாகத் தெரியும். அதற்கு வடக்கே செந்நிறமாக ஒன்று, தெற்கே நீலவெண்மையாக ஒன்று. நிற வேற்றுமையைப் பிள்ளையே கண்டு சொல்லட்டும். 964ஆம் ஆண்டளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்ற அறிஞர் நட்சத்திரங்களின் நிறத்தையும் ஒளியையும் இப்படித்தான் வெறுங்கண்ணால் பார்த்துப் பார்த்து நூலாக எழுதினார்.

வடமேற்கே உயரத்தில் சின்னக் கொத்தாக மின்னுவது கார்த்திகைக் கூட்டம். அரபியில் அதன் பெயர் சுரையா! தெற்கே தனித்துச் சுடர்விடுவது சுஹைல். இரவு வானில் ஒளியில் இரண்டாவது நட்சத்திரம் அது. நம் வீடுகளில் எத்தனை சுரையாக்கள், எத்தனை சுஹைல்கள்! தன் பெயரோ ராத்தாவின் பெயரோ மேலே இருப்பதை அறிந்த பிள்ளைக்கு இருட்டு அந்நியமாகத் தோன்றுமா?

ஒன்றை மறக்காதீர்கள். பயப்படாதே என்பதற்குக் கவனமின்றி நட என்று பொருளல்ல. தேயிலைச் செடிகளுக்கிடையே பாம்பு உண்டு, அட்டை உண்டு. முற்றத்தை விட்டு அகல வேண்டாம். "பூச்சாண்டி வருவான்" என்பதை விட்டு, "பாம்பிருக்கும், பார்த்து நட" என்று உண்மையைச் சொல்லுங்கள். உண்மை சொன்னால் பிள்ளை எச்சரிக்கையைக் கற்கும். பொய் சொன்னால் பயத்தை மட்டுமே கற்கும்.

2022ஆம் ஆண்டின் மின்வெட்டு இரவுகள் நினைவிருக்கிறதா? மெழுகுவர்த்தியைச் சுற்றி வாடியிருந்தோம். வெளியே வானம் நிறைந்திருந்தது. இனி ஒருநாள் மின்சாரம் நின்றால், மெழுகுவர்த்தியைத் தேடுமுன் பிள்ளையைத் தேடுங்கள். "வா மகள், வெளியே போய்ப் பார்ப்போம்" என்று அழைத்துச் செல்லுங்கள்.