முயலின் கண்ணில் மனநல மருந்து

கண்ணுக்குள் ஓர் ஊற்று உண்டு. கண்ணீர் வேறு, இது வேறு. லென்ஸைச் சுற்றி வளையமாக அமைந்த சிலியரிப் பகுதி, நிமிடத்துக்கு இரண்டரை மைக்ரோலிட்டர் அளவில் தெளிநீரைச் சுரக்கிறது. ஒரு சொட்டு சேர இருபது நிமிடமாகும். ரத்தக் குழாயே இல்லாத லென்ஸுக்கும் கருவிழிக்கும் சோறு போடுவது இந்த நீர்தான். வேலை முடிந்ததும் கருவிழியும் ஐரிஸும் சேரும் மூலையில் உள்ள சல்லடை வழியாக வடிந்துவிடும். சல்லடை அடைத்தால் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு நசியும். இதுதான் கிளாக்கோமா. பெரும்பாலும் வலி தெரியாது. போன பார்வை திரும்பாது.

வடிகாலைத் திறக்க வேண்டும், அல்லது ஊற்றை அடக்க வேண்டும். 1978இல் அமெரிக்காவில் கண்சொட்டாக வந்த டிமோலால் செய்வது இரண்டாவது வேலை. 1980களில் அதே வேலைக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு மருந்தை எடுத்துப் பார்த்தார்கள்: ஹாலோபெரிடால். 1958இல் பெல்ஜியத்தில் பால் ஜான்சன் குழு உருவாக்கியது. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுத்து மனச்சிதைவை அடக்குவது. முயலின் கண்ணில் விட்டபோது அழுத்தம் இறங்கியது. சிலியரிப் பகுதிக்குப் போகும் ரத்தம் குறைய, சுரப்பும் குறைகிறது என்று விளக்கம் தந்தார்கள்.

சிக்கல் இங்கேதான். டோபமின் வந்து ஒட்டும் ஏற்பிகளில் டி1 வகையைத் தூண்டினால் கண் அழுத்தம் ஏறும்; ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஃபெனால்டோபாம் அப்படித்தான் ஏற்றுகிறது. டி2 வகையைத் தூண்டும் புரோமோகிரிப்டினோ இறக்குகிறது. ஹாலோபெரிடால் முதன்மையாக டி2வை அடைப்பது. கணக்குப்படி ஏற வேண்டிய அழுத்தம் இறங்கியிருக்கிறது! ஆனால் அது டோபமினோடு நிற்கிற மருந்தல்ல. ஆல்ஃபா என்ற வேறு வகை ஏற்பிகளையும் தொடும். ஒரு சாவி பல பூட்டுகளில் நுழைந்தால் எந்தக் கதவு திறந்தது என்று சொல்வது கடினம்.

இன்னொரு தடை, சொட்டு கண்ணோடு நிற்காதது. கண்ணின் உள்மூலைத் துளை வழியாக மூக்குக்கும் அங்கிருந்து ரத்தத்துக்கும் போய்விடும். டிமோலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாததற்கு இதுவே காரணம். வாழ்நாள் முழுக்க விட வேண்டிய சொட்டில், கைகால் விறைப்பும் நடுக்கமும் தரக்கூடிய மருந்தை யார் துணிந்து வைப்பார்கள்? 1996இல் லாட்டனோபிராஸ்ட் வந்து, இரவில் ஒரு சொட்டு போதும் என்றாக்கிவிட்டது. ஹாலோபெரிடால் கிளாக்கோமா மருந்தாகக் கடைக்கு வரவில்லை.

முயலின் சேதியை நம்பி மனநல மாத்திரை கண்ணுக்கும் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். அந்த மருந்துகளில் சில, வடிகால் மூலை குறுகியவர்களுக்கு அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும். மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கண் மருத்துவரிடமும், கிளாக்கோமா உள்ளவர்கள் அதை மனநல மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.